பண்டிகைக்கு ஒரு தெரு வேண்டும்

தீபாவளிக்கு முந்தைய இரவு சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை தூங்குவதில்லை. தலைக்கு மேலே வண்ண விளக்கு வளைவுகள் மின்னுகின்றன. கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தை இரைகிறது. தேக்காச் சந்தையில் மாவிலையும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் அது ஒரே கூட்டம் இல்லை என்பது புரியும். கடைசி நேரத் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒரு பக்கம். விளக்கைப் படம் எடுக்க வந்த சீனர்கள், மலாய்க்காரர்கள், சுற்றுலாப் பயணிகள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு நடுவே, நான்கைந்து பேராகச் சேர்ந்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எதையும் அவசரப்பட்டு வாங்காமல் நின்று பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் மூன்றாவது கூட்டம். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று ஊர் சொல்பவர்கள். அயல்நாட்டுப் பெருநகரம் ஒன்றில் பண்டிகை இரவு யாருக்காக, எதற்காக என்ற கேள்விக்கு விடை இந்த மூன்றாவது கூட்டத்திடம்தான் இருக்கிறது. வீட்டை விட்டு வந்தவருக்குப் பண்டிகை கொண்டாட முதலில் தேவைப்படுவது விளக்கும் இனிப்பும் அல்ல. ஓய்வாக ஒரு பொழுதும், தன்னைப் போன்றவர்களோடு கூடி நிற்க நகரத்தின் நடுவே ஓர் இடமுமே முதல் தேவை. இந்த இரண்டையும் தருகிற நகரம்தான் பண்டிகையை மதிக்கிற நகரம் என்பது என் வாதம்.

நம் ஊரில் தீபாவளி ஒரு வீட்டுப் பண்டிகை. விடியும் முன்பே பெரியவர் ஒருவர் எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரில் குளிக்கச் சொல்லி, மஞ்சள் தடவிய புதுத்துணியைக் கையில் கொடுத்தால்தான் அது தொடங்குகிறது. அதற்குப் பின்தான் வெடி, பலகாரம், தீபாவளி லேகியம் எல்லாம். இந்தச் சடங்கின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வீடு வேண்டும்; எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும்; அடுப்பு வேண்டும். அந்த ஊழியர்கள் தங்கும் கூட்டு விடுதியான டார்மெட்ரியில் இவை எதுவும் இல்லை. அடுக்குக் கட்டில்கள் போட்ட அறையில் பலர் சேர்ந்து தங்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாடு ஒப்பந்தக்காரர் அனுப்பும் பொட்டலமாக வருகிறது. எண்ணெய் வைத்துவிட வயதில் மூத்தவர் அருகில் இல்லை. வெடியும் கிடையாது. 1970 சீனப் புத்தாண்டின்போது நேர்ந்த தீ விபத்துகளுக்கும் உயிரிழப்புகளுக்கும் பிறகு பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த சிங்கப்பூர், 1972-இல் அதை முற்றாகத் தடை செய்துவிட்டது. ஆக, விடியற்காலைத் தீபாவளி அங்கே மெலிந்துபோக, முந்தைய இரவு பெருத்துவிட்டது. நள்ளிரவை எண்ணி வரவேற்கும் புத்தாண்டு வழக்கம்கூட அங்கே தீபாவளிக்கு வந்துவிட்டது. மேடைக் கச்சேரியோடு பன்னிரண்டு மணிக்குத் தீபாவளி பிறக்கிறது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு பத்து மணி ஆகும்போது ஊரில் ஏழரை. அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருப்பாள். சென்னையிலிருந்து கிளம்பிய அண்ணன் பேருந்து நெரிசலில் இருப்பான். அந்த நேரத்தில் வரும் வீடியோ அழைப்பை எடுத்துப் பேச சிராங்கூன் சாலை ஓரத்தில் ஒரு கை அகலம் இடம் கிடைத்தால், அதுவே அந்த ஊழியருக்குத் தீபாவளி.

வீட்டுப் பண்டிகை தெருவுக்கு இறங்குவதைக் குறையாகச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் அயலகத் தமிழர் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்சோடு சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் கூரையாலும் மாரியம்மன் கோயில் எழும்பக் காரணமானவர். புதிதாக வந்தவர்கள் ஒதுங்கவும் வேலை தேடவும் ஆள் தெரிந்துகொள்ளவும் அதுதான் முதல் திண்ணை. இன்றும் தீபாவளிக்குச் சற்று முன்னால் வரும் தீமிதியின்போது, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து அந்த மாரியம்மன் கோயில்வரை பக்தர்கள் நகரத்தின் நடுவே நடந்தே போகிறார்கள். சிராங்கூன் சாலையைச் சுற்றி இப்போது லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பகுதியும் உழைப்பாளிகளால் உருவானதுதான். செங்கல் சூளைகள், சுண்ணாம்புக் காளவாய்கள், மாட்டுக் கொட்டில்கள், குதிரைப் பந்தய மைதானம் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு அது. பஃபலோ சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர்களிலேயே அந்தப் பழைய தொழில்கள் தங்கிவிட்டன. அங்கே வந்து சேர்ந்தவர்கள் பழைய பண்டிகைகளைக் காத்ததோடு நிற்கவில்லை, புதிதாகவும் உண்டாக்கினார்கள். 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952-இல் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். சாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்த தமிழரை மொழியின் பெயரால் ஒரே பந்தலின் கீழ் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஊரில் இருந்திருந்தால் இப்படியொரு விழா தேவைப்பட்டிருக்காது. தெருவும் உறவும் சாதியும் தீர்மானிக்கிற வட்டத்துக்குள் கொண்டாட்டம் முடிந்திருக்கும். அயல் மண்தான் அந்த வட்டங்களைத் தாண்டி ஆள்களைச் சேர்த்தது. தெருவில் நடக்கும் பண்டிகை வீட்டுப் பண்டிகையின் மங்கலான நகல் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தெருவில் ஓர் ஊழியர் அன்றிரவு என்ன செய்கிறார் என்று வரிசையாகப் பார்த்தால், இடம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். முதலில் பணம் அனுப்பும் கடை வரிசை. அடுத்தது தாடி மழிக்க, முடி வெட்ட ஒரு சலூன். பிறகு கோயில். பிறகு வாழையிலைச் சாப்பாடு. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் முஸ்தபா சென்டரில், அடுத்த முறை ஊருக்குப் போகிற நண்பரிடம் கொடுத்தனுப்ப ஒரு கோடாலித் தைலப் புட்டி, ஒரு வாசனைத் திரவியம், பிள்ளைக்கு ஒரு பொம்மை. அதன்பின் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளியில் ஊர்க்காரர்களோடு ஓர் உட்கார்வு. ஒரே தாலுகாக்காரர்கள் வேறு வேறு நிறுவனங்களில், தீவின் வேறு வேறு மூலைகளில் இருப்பார்கள். துவாஸில் ஒருவர், கிராஞ்சியில் ஒருவர். யார் வீட்டில் கல்யாணம், எந்த ஏஜென்ட் ஏமாற்றினான், எந்த கம்பெனியில் ஓவர்டைம் உண்டு, எங்கே சம்பளம் இழுத்தடிக்கிறார்கள் என்ற செய்தியெல்லாம் அந்தப் புல்வெளியில்தான் கைமாறுகிறது. வங்கதேசத்து ஊழியர்களுக்கு லெம்பு சாலைத் திடல் எதுவோ, தமிழ் ஊழியர்களுக்கு இந்தப் பகுதி அது. ஒரு தொழிலாளிக்குத் துணையும் தகவலும் இலவசமாகக் கிடைக்கும் இடம் என்றால் அது அவனைக் காக்கிற இடம். பண்டிகை இரவு அந்தக் காவலைப் புதுப்பிக்கிறது.

இடத்துக்கு முன்னால் நேரம் வேண்டும். அதைச் சட்டம்தான் தர முடியும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். தீபாவளி அவற்றில் ஒன்று. வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி அவை சம்பளத்தோடு கூடிய விடுமுறைகள். அன்று வேலைக்கு அழைத்தால் முதலாளி ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தைக் கூடுதலாகத் தர வேண்டும், அல்லது இருவரும் ஒப்புக்கொண்டால் வேறொரு நாள் விடுப்புத் தரலாம். பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை விடுமுறை. 2023-இல் அப்படித்தான் ஆயிற்று. இந்த உரிமையின் எடையைத் தைப்பூசத்தோடு ஒப்பிட்டு அறியலாம். 1968-இல் பொது விடுமுறைப் பட்டியல் சுருக்கப்பட்டபோது தைப்பூசம் அதிலிருந்து விடுபட்டது. அதே நகரம், அதே கோயில்கள், அதே பக்தி. ஆனால் வேலை நாளில் வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நினைக்கும் ஊழியர் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும். தீபாவளிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் வேலைவாய்ப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை என்பதால் பொது விடுமுறை அவர்களுக்கு உரிமை ஆகாது. 2013 முதல் வார ஓய்வு விதி வந்தாலும், ஓய்வுக்குப் பதில் பணம் கொடுத்துவிடும் வழி திறந்தே இருந்தது. மாதத்துக்கு ஒரு நாளாவது பணத்தால் ஈடுகட்ட முடியாத ஓய்வாக இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் தமிழ்நாட்டுப் பணிப்பெண்களை அரிதாகவே பார்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் பண்டிகையில் அவர்களுக்கு ஆர்வம் இல்லாமை அல்ல.

நேரமும் இடமும் பறிபோனால் என்ன ஆகும் என்பதை கொரோனாக் காலம் காட்டியது. 2020 ஏப்ரலில் டார்மெட்ரிகளில் தொற்று பரவியதும் ஊழியர்கள் வெளியே வர முடியாதபடி தடுக்கப்பட்டனர். டார்மெட்ரிகளில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தொடக்கத்தில் தடுப்புக்கு நியாயம் இருந்தது. ஆனால் நகரத்தின் மற்ற மக்கள் கடைக்கும் கோயிலுக்கும் போகத் தொடங்கிய பின்னும் அந்தத் தடுப்பு நீண்டது. 2020 நவம்பர் 14 தீபாவளிக்கு லிட்டில் இந்தியா விளக்கேற்றி நின்றது. அதை வழக்கமாக நிறைத்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேரைச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போய்வர விட்டார்கள். லட்சக்கணக்கானோரில் 500 பேர். 2022 ஜூனில் வெளியே செல்ல அனுமதி பெற வேண்டும் என்ற பொது விதி நீக்கப்பட்ட பிறகும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. விளக்கு எரிவதும் பண்டிகை நடப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நேரமும் இடமும் வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஊழியர்களை டார்மெட்ரிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலவரம் காணாத நகரம் அதிர்ந்தது. முன்னாள் நீதிபதி பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, லிட்டில் இந்தியாவின் பொது இடங்களில் பொது விடுமுறைக்கு முந்தைய மாலை 7 மணியிலிருந்து விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணிவரை மது அருந்தக் கூடாது. கூட்டம் கூடினால் ஆபத்து வரலாம் என்பது உண்மை. ஆனால் ஆபத்து கூடியதால் வந்ததா, கூடுவதற்குரிய ஏற்பாடு போதாததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் குறுகிய சாலையில் பேருந்துக்கு முண்டியடிக்கும்போது விபத்துக்கு வழி பிறக்கிறது. விசாரணைக் குழுவே வெளிச்சத்தையும் கண்காணிப்பையும் மேம்படுத்தச் சொன்னது. குடிப்பதற்கு வரம்பு கட்டுவதில் தவறில்லை. அதோடு கூடுதல் பேருந்து, கழிப்பறை, குடிநீர், உட்கார இடம், அவர்கள் மொழியில் பேசும் காவலர் ஆகியவையும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லையேல் அது வெறும் விலக்கி வைத்தல். புத்தாண்டு இரவில் மரினா பே கரையோரம் கூடும் பெருங்கூட்டத்தை நகரம் சிக்கல் என்று பார்ப்பதில்லை. சாலையை மூடி, ரயில் நேரத்தை நீட்டி வரவேற்கிறது. அதே மனம் சிராங்கூன் சாலைக்கும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: அவர்களுக்குத்தான் டார்மெட்ரிகளின் அருகிலேயே பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றனவே, கடை, திரை, விளையாட்டுத் திடல், தீபாவளிக் கலைநிகழ்ச்சி எல்லாம் அங்கேயே நடக்கின்றனவே, நகரத்துக்குள் வரத்தான் வேண்டுமா? அந்த மையங்களால் பயன் உண்டு. உழைத்துக் களைத்தவருக்கு அருகிலேயே ஒரு கடை இருப்பது நல்லதே. ஆனால் ஒருவர் கட்டிய கட்டடமும் அவர் தோண்டிய ரயில் சுரங்கமும் நகரத்தின் நடுவில் இருக்க, அவர் கொண்டாட மட்டும் நகரத்தின் விளிம்பு போதும் என்பது நியாயமாகாது. பழைய காலத்தில் இந்தியக் கைதிகளைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானா மாளிகையையும் கட்டிய நகரம் அது. கட்டியவர்கள் அதில் வாழ்ந்தவர்களின் கண்ணில் படவில்லை. இன்று பண்டிகை இரவில் ஒரே தெருவில் ஒரு சிங்கப்பூர்க் குடும்பமும் ஒரு கட்டுமான ஊழியரும் ஒரே பூக்கடைக்காரரிடம் பேரம் பேசும்போது, ஆண்டில் ஒரு முறையாவது இருவரும் ஒருவரையொருவர் அண்டை வீட்டுக்காரராகப் பார்க்கிறார்கள். தனி மையத்தில் இந்தச் சந்திப்பு நடக்க வழியில்லை.

மூன்றாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. சம்பாதிக்கப் போனவனுக்கு எதற்குக் கொண்டாட்டம், அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பினால் ஆகாதா, கைப்பேசியில்தான் எல்லோர் முகத்தையும் பார்த்துவிடலாமே என்று. ஏஜென்ட் கட்டணத்துக்கு வாங்கிய கடன் அடையும்வரை பல மாதச் சம்பளம் வட்டிக்கே போகிறது என்பதால் இந்தக் கணக்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்து வர முடியாது. ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களை நேரில் காணாமல் உழைப்பவர். அவரிடமிருந்து கூட்டத்தோடு கழிக்கும் ஓர் இரவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேலையும் உறக்கமும்தான். திரையில் முகம் தெரியும்; தோளில் கைபோட அங்கே ஆள் வேண்டும். கைப்பேசி அழைப்பு முடிந்ததும் வரும் வெறுமையில் பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் ஒருவர் வாங்கித் தரும் தேநீர் சிறிய செலவு. அது தரும் தெம்பு பெரிது. விளக்கலங்காரம் வெறும் வணிகம், சுற்றுலாவுக்கான காட்சி என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் இதையே சொல்லலாம். கடைக்காரர் சங்கமும் அரசும் தங்கள் காரணத்துக்காக விளக்கேற்றட்டும். நம் ஊர்த் திருவிழாக் கடைத்தெருவும் வியாபாரத்தால்தான் நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் காசு செலவழிக்காமலும் ஒருவர் நிற்க முடிகிறதா, யாரும் விரட்டாமல் உட்கார முடிகிறதா என்பதே அதை அளக்கும் அளவுகோல்.

இந்த அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்க்கும் கடமை இருக்கிறது. திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் இன்று நம்மிடம் இருப்பது, நம் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பதைப் போலத்தான். பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை தீபாவளி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் வருகிறது. மாலைச் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் விடுவது அதன் உயிர். அவர்களுக்கும் ஓர் இரவும் ஒரு நீர்க்கரையும் வேண்டும். 2023 மார்ச்சில், ஹோலியை ஒட்டி, தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அச்சத்தில் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். அரசு உண்மையை விளக்கியும் அந்தப் பொய் அவ்வளவு வேகமாக ஓடியதற்குக் காரணம், நமக்கும் அவர்களுக்கும் இடையே முகம் பார்த்துப் பழகும் இடங்கள் குறைவாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். சேர்ந்து கொண்டாடியவரைப் பற்றிய வதந்தியை யாரும் உடனே நம்புவதில்லை.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், தேசிய விடுமுறைகள் நான்கோடு பண்டிகை விடுமுறைகள் ஐந்தையும் தொழிலாளருக்கு உறுதி செய்கிறது. வடமாநிலத்தவர் பெருவாரியாக வேலை செய்யும் ஆலைகளில் அந்த ஐந்தில் ஒன்றை அவர்களே தேர்ந்துகொள்ள விட்டால், ஆலைக்குக் கூடுதல் விடுமுறைச் செலவு வரப்போவதில்லை. சென்னை மாநகராட்சி சத் பூஜை இரவில் கடற்கரையின் ஒரு பகுதியில் விளக்கும் கழிப்பறையும் உயிர்காப்பு வீரர்களும் விடியற்காலைப் பேருந்தும் ஏற்பாடு செய்வதும் பெரிய காரியம் அல்ல. சிராங்கூன் சாலையில் நம் பிள்ளைகளுக்காக நாம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். தம் வீட்டை விட்டு நம் வீடுகளைக் கட்ட வந்தவர்களுக்கு நாம் தர வேண்டியதும் இவ்வளவுதான். அதை அடுத்து வரும் சத் பூஜைக்கே தொடங்கலாம்.